முகவரி மாறும்போது

கொள்ளுப்பிட்டி, ஏழாம் மாடி.
ஆறு இருபது ரயில் கடலோரமாய்ப் போய்விட்டது.
அடுத்ததையும் விடப்போகிறேன்.

எங்கள் நிரலில் ‘வாடிக்கையாளர்’ என்ற வகுப்பு
இரண்டு கோப்புகளில் கிடக்கிறது.
முதலாவதை இயந்திரம் எழுதியது:
பெயர், அடையாள அட்டை இலக்கம், பிறந்த திகதி,
தவணை, முகவரி.
அதன் நெற்றியில் ஓர் எச்சரிக்கை:
இங்கே கைவைக்காதே,
அடுத்த முறை நான் எழுதும்போது
உன் எழுத்து இருக்காது.

இரண்டாவது எங்களுடையது.
மனிதர் எழுதியது, ஆகவே கோணல்.
நடுவில் ஓரிடத்தில்
யார் எத்தனை கொத்து ரொட்டி சொன்னார்கள் என்ற கணக்கு,
அழிக்க மறந்தது.

இரண்டின் தலையிலும் ‘பார்ஷல்’ என்று இருந்தால் போதும்,
கம்பைலர் வேறெதுவும் கேட்காமல்
ஒரே ஆள் என்று பதிந்துகொள்ளும்.
இந்த நகரத்தில் நான் கண்ட பதிவாளர்களில்
இவ்வளவு இலகுவானவர் இல்லை.

காலையில் கவுண்டருக்கு வந்தவர் பிலோமினா கொரெய்ரா,
ஈரக்குடையை எங்கே வைப்பதென்று தெரியாமல்
மடியிலேயே வைத்துக்கொண்டார்.
ஜம்பட்டா வீதியை விட்டு
மட்டக்குளிக்குப் போய் இரண்டு வருசமாம்.
‘அட்ரஸ் மாத்தியாச்சு மகள்,
அந்தத் தம்பி கொம்பியூட்டர்லயே காட்டினான்.’
உண்மைதான். திரையில் மட்டக்குளி.
தவணைக் கடிதங்கள் மட்டும்
ஜம்பட்டா வீதிக்கே போயிருக்கின்றன.
பூட்டிய கதவின் அடியால் ஒன்று, இரண்டு, மூன்று.
மூன்றாவதோடு காப்புறுதி காலாவதி.

பிழைப் பதிவேட்டில் ஒரு வரியும் இல்லை.

இயந்திரத்தின் கோப்பைத் திறந்தேன்.
முகவரிக்குப் புதிய மதிப்பு விழும் இடத்தின் அடுத்த வரியில்
ஓர் அழைப்பு இருந்தது:
முகவரி மாறிற்று, பழையது இது, புதியது இது.
பார்ஷல் மெதட். உடலில்லாத தலை.
விருப்பமென்றால் மற்றக் கோப்பில் உடல் தாருங்கள்,
இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்கிற
மரியாதையான ஏற்பாடு.
எங்கள் கோப்பில் அந்த இடத்தில்
சஜீவனியின் குறிப்பு மட்டும்:
பஸ்ஸே கரமு.
பிறகு செய்வோம்.
சஜீவனி இப்போது பேர்த்தில் இருக்கிறாள்.

உடல் கிடைக்காவிட்டால்
கம்பைலர் குறை சொல்வதில்லை.
தலையை எடுத்துவிடும்,
அழைத்த வரியையும் எடுத்துவிடும்,
கூட அனுப்பவிருந்த பழைய முகவரியை
எட்டிக்கூடப் பார்க்காது.
ஓடுகிற நிரலில் வடு இல்லை.
கூப்பிட்டார்கள், பதில் வரவில்லை என்றல்ல;
யாரும் கூப்பிடவேயில்லை.

இதைச் சிக்கனம் என்பார்கள்.
நேர்முகத் தேர்வில் நானும் அப்படித்தான் சொன்னேன்.
வேலை கிடைத்தது.

ஒரு காலம் தெகிவளையில்
நாங்கள் வீடு மாறினால் அன்றைக்கே
பொலிசுக்குப் படிவம் கொண்டு ஓடவேண்டும்.
அவர்கள் ஒருபோதும் ‘பஸ்ஸே’ என்றதில்லை.
அந்த மெதட்டுக்கு உடல் இருந்தது,
சப்பாத்தும் இருந்தது,
இரவு இரண்டு மணிக்குக் கதவைத் தட்டவும் தெரிந்தது.

பன்னிரண்டு வரி எழுதினேன்.
கடிதப் பிரிவுக்குப் போ, புதிய முகவரியைச் சொல்.
திருப்பி ஒன்றும் தராத மெதட்;
நன்றியும் வராது.
சஜீவனியின் குறிப்பை அழிக்கப் போய்
கொத்து ரொட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டேன்.

காலாவதியை நீக்க என்னால் முடியாது.
அதற்குக் கையொப்பம் வேண்டும்,
மனேஜர் திங்கட்கிழமைதான் வருவார்.
முகவரியையாவது சரிசெய்யலாம் என்று பார்த்தால்
இந்த மெதட் மாறும்போதுதான் விழிக்கும்.
பிலோமினாவோ ஏற்கெனவே மாறிவிட்டார்.

ஆகவே அவரை
ஜம்பட்டா வீதிக்குத் திரும்பவும் குடியேற்றினேன்.
சேமித்தேன்.
உடனே மட்டக்குளிக்குக் கூட்டிவந்தேன்.
இடையில் ஒரு நொடி
அந்தப் பழைய வீட்டில் அவர் இருந்தார்.
குனிந்து, கதவடியில் கிடந்த கடிதங்களை எடுக்க
அது போதாது.