பத்துக்கு எத்தனை

"பத்துக்கு எத்தனை?" என்கிறார் மிஸ்ஸி நோரைனி.
பினாங்குத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவன் நான்.
கண்டெய்னர் எடையைக் கண்ணாலே சொல்வேன்.
இதற்கு எண் தெரியவில்லை.

தொப்புளுக்கு மேலே நுழைந்து
முதுகில் வெளியேறுகிறது.
கணையம் என்ற பேருக்குள்ளேயே
கணையை ஒளித்து வைத்தது யார்?

மல்லாந்தால் கொல்லும்.
தலையணையைக் கட்டிக்கொண்டு முன்குனிந்து
விடிய விடிய
எதிர்க்கரை பட்டர்வொர்த் விளக்குகளை எண்ணினேன்.

ஏழு என்றேன்.
பொய். ஒன்பது.
வாசலில் செண்பகவல்லி நிற்கிறாளே.

டாக்டர் கூ காகிதத்தில் கிறுக்கினார்:
முதுகெலும்புக்கு முன்னால் ஒரு நரம்புமுடிச்சு,
அங்கே ஊசி.
"நோய் போகாது அங்கிள். சத்தம் குறையும்."

இன்று கஞ்சி.
முதல் வாயோடு மாத்திரை.
வெளியே மழை பிடித்துக்கொண்டது;
மல்லாந்து படுத்து
கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

மிஸ்ஸி, மூன்று.
இது நிஜம்.