இடதுகைச் சின்னவிரல்

மை நேற்றுத்தான் வந்தது.
கொழும்பு லொறியில் ஒரு பெட்டி கசிந்து
மரியசீலனின் உள்ளங்கை இரண்டும் ஊதா.
"எனக்கு இனி வோட்டில்லை, அக்கா."
பதினாறு நாள் கிடக்கு, போயிடும் என்றேன்.
"அழியாத மை எண்டெல்லோ எழுதியிருக்கு?"

மூன்று முறை தள்ளிப்போன பிரதேச சபைத் தேர்தல்
இந்த முறை மெய்யாகவே வருகிறது போல.
முல்லைத்தீவுக் கச்சேரியின் பின் மண்டபம் நிறைய
உரப்பை, உரப்பை, நூற்று முப்பத்தேழு உரப்பை.
பத்மலோசினி எண்ணிச் சொல்ல
நான் புள்ளடி போடுகிறேன்:
அரக்கு, சணல், மெழுகுதிரி ஆறு,
நூலில் கட்டிய பென்சில்.
முத்தையன்கட்டுப் பைக்கு மட்டும்
யானைவெடி இரண்டு.
அது பட்டியலில் இல்லை,
அடியில் பேனையால் எழுதினோம்.

இடையில் சுயேச்சைக் குழு இரண்டின் தலைவர் வந்து
மாதிரிச் சீட்டை மேசையில் விரித்தார்.
"இது மண்வெட்டியா, அகப்பையா, தங்கச்சி?
நீங்களே சொல்லுங்கோ."
மண்வெட்டி என்றேன்.
உண்மையில் எனக்கும் அகப்பையாய்த்தான் தெரிந்தது.

சனிக்கிழமை வகுப்பு.
பயிற்றுநர் மாத்தளையிலிருந்து வந்தவர்,
நல்ல குரல், வெள்ளைச் சேட்,
கைநூலைச் செய்தி வாசிப்பதுபோல் வாசித்துப் போனார்:
மை, இடதுகைச் சின்னவிரலில்.
அவ்விரல் இல்லாதவிடத்து
இடதுகையின் வேறொரு விரலில்.
இடதுகை இல்லாதவிடத்து
வலதுகையின் ஏதேனுமொரு விரலில்.
பக்கம் புரட்டப் போனவரை
ஒரு கேள்வி மறித்தது.
"வலதும் இல்லாட்டி, சேர்?"

"அது மிக அரிதாக..." என்று தொடங்கியவர்
மண்டபத்தைப் பார்த்தார்.
ஒருவரும் சிரிக்கவில்லை. கோபிக்கவும் இல்லை.
பேனைகள் திறந்தபடி இருந்தன.

பிறகு அடுத்தடுத்து.
பொய்க்கையோடு வந்தால் கழற்றச் சொல்லலாமோ?
பாதி விரல், விரல் கணக்கோ?
நகமில்லாத இடத்தில் மை எத்தனை நாள் நிற்கும்?
கால்விரல் என்றால்
அவ்வளவு சனத்துக்கு முன்னால்
ஒரு பொம்பிளைப்பிள்ளை செருப்பைக் கழற்றுறதோ?
கேட்ட ஒவ்வொருவருக்கும்
ஒரு ஆளைத் தெரிந்திருந்தது.
பெயரை மட்டும் சொல்லவில்லை.

கடைசி வாங்கிலிருந்து யோகசீலன் சேர் எழும்பினார்,
ஒட்டுசுட்டான் பக்கம் கணக்குப் படிப்பிக்கிறவர்.
சேட்டின் இடதுகை
மடித்து ஊசி குத்தியிருக்கும்.
"நியமனம் கிடைக்க முதல்
நானும் லைனில நிண்டு போட்டனான்.
மை பூசின பிள்ளை என்ர முகத்தைப் பார்க்கேல்லை,
கைநூலைத்தான் பார்த்தவள்.
முதல்ல கேளுங்கோ.
எங்க பூச எண்டு கேட்டால்
ஆக்கள் தாங்களே காட்டுவினம்."
இருந்துவிட்டார்.

பயிற்றுநர் சட்டைப்பையில் பேனை தேடினார்.
இல்லை.
முன்வரிசையில் யாரோ கொடுத்தார்கள்.
நின்றபடியே அந்தப் பக்கத்தின் ஓரத்தில்
நீளமாக ஏதோ எழுதினார்.
ஊருக்குப் போகும் பஸ்ஸில் அதை
அவர் திரும்ப வாசித்தாரோ தெரியாது.

கட்டி வைத்த பைகளை
இரவு எட்டு மணிக்குத் திரும்ப அவிழ்க்கிறோம்.
பத்மலோசினி வீட்டிலிருந்து
ஒரு பழைய சீத்தைச் சேலை கொண்டுவந்து
சாண் சாணாகக் கிழிக்கிறாள்,
பைக்கு ஒன்று, கால் துடைக்க.
வயற்கால் வெய்யிலோடு வருகிற சனம்,
புழுதியில் மை பிடிக்காது.
கதிரை ஒன்று, மறைப்புக்குப் பின்னால்,
என்று பாடசாலைகளுக்குக் கடிதம் அடித்தேன்.
பொருட்கோரல் படிவத்தில்
"தேவைக்கான காரணம்" என்றொரு கட்டம்.
எழுதி, வெட்டி, எழுதி,
கடைசியில் "மை" என்று மட்டும் விட்டேன்.

மரியசீலன் முடிச்சுப் போடுகிறான்.
வெள்ளைச் சணலில் எல்லாம் இலேசாய் ஊதா.
சேலை முடிந்தது,
துண்டு நூற்று முப்பத்தாறு.
"திருப்பி எண்ணுவம்" என்கிறாள் பத்மலோசினி.