இருபத்திரண்டாம் பாகம், புயல் எச்சரிக்கையுடன்

லொண்ட்ரினாவில், டயர்க் கடைக்கு மேலே,
ஒற்றை ஜன்னல் வைத்த அறையில்
இவோனி தமாஷிரோ
மறுபடி பின்னோக்கி ஓட்டுகிறாள்.
பதினேழாம் முறையாக அந்தப் பையன்
வாசலில் குனிந்து ஷூ மாட்டுகிறான்.
வெளியே அவனுக்காக ஒரு இரும்பு மனிதன்
மலை உயரத்துக்குக் காத்து நிற்கிறான்.
அவன் முழங்காலில் சிவப்பு, கோட்டைத் தாண்டி வழிந்திருக்கிறது.
எழுபத்தேழில் யாரோ
கடைசி ரயிலைப் பிடிக்கும் அவசரத்தில் தீட்டியது.

பகலில் அவளுக்குப் பல் கட்டும் கூடத்தில் வேலை.
மெழுகில் கடைவாய்ப்பல் செதுக்கும் கை
இரவில் சொற்களை ராவுகிறது.
இரண்டு வரி. வரிக்கு நாற்பது எழுத்து.
அவர்கள் வாய் மூடுவதற்குள்
நாம் படித்து முடித்திருக்க வேண்டும்.
காசு கிடையாது.
பெயர்கூடப் புனைபெயர்தான்.

பையன் நிமிர்கிறான். ஒரே சொல்.
'இத்தெகிமாசு.'

பெலேமிலிருந்து சுவெலி அனுப்பிய வரைவில்
'ச்சாவ்' என்றிருந்தது.
(அந்த ஊரில் விடைபெறும் சொல் அது.
தமிழ்க் காதில் எப்படி விழும் என்பதை விடுங்கள்.)
இவோனி அடித்தாள்.
இது போகிறவன் சொல் மட்டும்.
அவன் சொன்னதில் வருவதும் இருக்கிறது.

எனக்கென்றால் இதில் சிக்கலே இல்லை.
'போயிட்டு வரேன்' என்று எழுதிவிட்டு
விளக்கை அணைத்துப் படுத்திருப்பேன்.
'போறேன்' என்று வாய் தவறினால்
அடுப்படியிலிருந்து அதட்டல் வரும் மொழி நம்முடையது.
ஆனால் என்னை யாரும் கேட்கவில்லை.
அந்தக் கோப்பைத் திறக்கப்போகும் நாற்பத்து மூன்று பேரில்
தமிழ் படிப்பவர் ஒருவரும் இல்லை.

நாடா இன்னொரு தொல்லை.
கோச்சியில் யாரோ மறு ஒளிபரப்பிலிருந்து பிடித்தது.
பூஞ்சையை வால்டெசிர் ஸ்பிரிட்டால் துடைத்திருந்தான்.
விளம்பரம் வரும்போதெல்லாம் அந்த யாரோவின் விரல்
பதிவை நிறுத்தியிருக்கிறது. கறாரான விரல்.
ஒரே இடத்தில் தாமதம்:
அரை நொடிக்கு ஒரு பெண்
பற்பொடி டப்பாவைத் தூக்கிக் காட்டுகிறாள்.
வெட்டிவிடவா, என்றான் வால்டெசிர்.
இருக்கட்டும், என்றாள் பல் வேலைக்காரி.

சரியாகப் பையன் வாய் திறக்கும் இடத்தில்
படத்தின் அடியில் வெள்ளை எழுத்து ஊர்கிறது.
ஒன்பதாம் எண் புயல் இன்றிரவு கரையைத் தொடும்.
கடலில் உள்ள படகுகள்
உடனே துறைமுகம் திரும்பவும்.

'புயலை விடு' என்றான் வால்டெசிர்,
'அது கதையில் இல்லை. உன் வரியை மேலே ஏற்றிவிடுகிறேன்.'
இவோனி பதில் சொல்லவில்லை.
அந்த இரவில் அந்தப் பெட்டி முன் உட்கார்ந்திருந்தவருக்கு
எது கதை?

வியாழக்கிழமை, வெளியே மழை,
கீழே யாரோ டயரை உருட்டிக்கொண்டு போகும் சத்தம்.
அவள் தட்டினாள்: 'ஜா வோல்த்து.'
இதோ வந்துடறேன்.

சுவெலி போனில் கத்தினாள்.
'ரொட்டி வாங்கப் போகிறவன் சொல்வது இது!
இவன் சாகப் போகிறான், இவோனி!'
'அவனுக்குத் தெரியாதே.
அவன் அம்மாவுக்கும் தெரியாது.
அவள் கேட்டது ரொட்டிதான்.'

போனில் கொஞ்ச நேரம் பெலேமின் மின்விசிறி மட்டும்.
பிறகு, 'முற்றுப்புள்ளி வேண்டாம்' என்றாள் சுவெலி.

பேருந்து நிலையத்து இரவுப் பணி முடிந்து வந்து
வால்டெசிர் நேரம் குறித்தான்.
சொல் தோன்றுவது, உதடு அசையும் கணத்தில்.
மறைய வேண்டியது, கதவு சாத்தும் ஒலிக்கு முன்.
விதி அப்படி.
அவன் கதவுக்குப் பிறகும்
ஒன்றேகால் நொடி அதை நிறுத்திவைத்தான்.
யாரும் கேட்டால், மெதுவாகப் படிப்பவர்களுக்காக என்பான்.

புயலையும் அவள் பெயர்த்தாள்,
உச்சியில், சின்னதாக, சாம்பல் நிறத்தில்.
இப்போது அந்தச் சட்டகத்தில்
கீழே வெள்ளையாக ஜப்பானியப் படகுகள்,
மேலே சாம்பலாக போர்த்துக்கீசியப் படகுகள்,
நடுவே ஆளில்லாத வாசல், ஒரு சொல்.

அது எந்த வருடத்துப் புயல் என்று
அவர்கள் தேடிப் பார்க்கவில்லை.
பாகம் முடிகிறது, பாட்டு ஓடுகிறது, நாடா வெளுக்கிறது.
எச்சரிக்கை விலக்கப்பட்டதாக
அதில் எங்கும் இல்லை.