ஏழாம் அறைக் கணக்கு

நாற்பத்தொரு இரவு தங்கினார்.
பதினாறுக்குத்தான் காசு தந்தவர்.
மிச்சம் இன்னும் பேரேட்டில்
சிவப்பு மையில் கிடக்கிறது.

பத்திநாதர் றெஜினோல்ட் என்று
கடவுச்சீட்டைப் பார்த்து எழுதினேன்.
பிறந்த இடம் குருநகர்.
நாடு அவுஸ்திரேலியா.
தொழில் என்ற கட்டத்தில் பேனை நின்றது.
"நீர் என்ன நினைக்கிறீரோ அதைப் போடும்" என்றார்.
கசங்கின சேர்ட்டைப் பார்த்து
"ஓய்வு" என்று போட்டேன்.

அங்கே அவர் ரெஜ் பத்தி.
அதைப் பிறகுதான் அறிந்தேன்.
இருபத்தொன்பது வயதில் பெரிய பரிசு.
சிட்னியில் ஒரு மண்டபச் சுவர் முழுக்க
அவருடைய கடல் தொங்குகிறதாம்,
அடிவானம் இல்லாத கடல்.
ஒரு வங்கி அதை வாங்கின விலைக்கு
இந்த லொட்ஜை நாலு தரம் வாங்கலாம்,
கிணற்றோடும் கடனோடும்.

நான் கண்ட ஆள் வேறு.
காலையில் கை நடுங்கும்.
தேத்தண்ணிக் கோப்பையை
இரண்டு கையாலும் ஏந்தித்
தீர்த்தம் மாதிரிக் குடிப்பார்.
தவறணை திறந்து ஒரு மணித்தியாலத்தில்
அதே கை
ஒரு நூல் பிசகாமல் கோடு இழுக்கும்.

கஸ்தூரியார் வீதியில் கடனுக்கு எடுத்த
எனாமல் டின் மூன்று.
நீலம், வெள்ளை,
கேற்றுக்கு அடிக்கிற துருச் சிவப்பு.
தூரிகைக்குக் காசில்லை.
என்னுடைய சவரத் தூரிகையை
எடுத்துக்கொண்டு போனார், கேட்கவில்லை.

ஒரு இரவு மின்சாரம் போனது.
மெழுகுதிரியோடு போனேன்.
கட்டிலை நிமிர்த்திச் சாத்திவிட்டு
முழங்காலில் நின்றார்.
சுவர் முழுக்கக் கடல்.
பாசையூர்க் கரையில் நின்று பார்க்கிற கடல் அல்ல,
உள்ளே விழுந்தவன்
கண் திறந்து பார்க்கிற கடல்.
"என்ரை தம்பி" என்றார்.
வள்ளம் தெரியவில்லை,
ஆளும் தெரியவில்லை.
"சரிவரேல்லை" என்று
டின்னைத் தூக்கி எறிந்தார்.

இன்னொரு இரவு தொலைபேசியில்
மெல்பேணில் யாரையோ
ஆங்கிலத்தில் ஏசினார்,
வைத்துவிட்டுத் தமிழில் அழுதார்.
அறை கூட்டுகிற பெட்டை பயந்து
வேலையை விட்டு நின்றது.
அதையும் எழுதத்தான் வேண்டும்.
பெரிய ஆள், பெரிய ஆள் என்று பிறகு வந்தவர்கள்
அவளுடைய இரண்டு கிழமைச் சம்பளத்தைப் பற்றிக்
கேட்கவில்லை.

நாற்பத்திரண்டாம் நாள் பெரியாஸ்பத்திரி.
ஈரல் என்றார்கள்.
சேமக்காலைக்கு எட்டுப் பேர் போனோம்,
அதில் ஒருத்தர் பெயின்ற் கடைக்காரர்.

நல்லூர்த் திருவிழா வந்தது.
அறை ஒன்றும் மிச்சமில்லை.
நானேதான் வெள்ளை அடித்தேன்.
மூன்றாம் பூச்சிலும் நீலம்
வியர்வை மாதிரிக் கசிந்தது.
நாலாவதும் அடித்தேன்.

ஆறு மாதம் கழித்து இரண்டு பேர்.
கமெராவும் கையுறையுமாய் ஒருத்தர்.
"எந்தச் சுவர்?"
காட்டினேன்.
மனுசன் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார்.
மற்றவள் மகள், இமெல்டா.
இடது மணிக்கட்டு சற்றே கோணல்.
எப்படி என்று நான் கேட்கவில்லை.
அவள் சுவரைப் பார்க்கவில்லை.
"எத்தனை நாள் காசு?" என்றாள்,
ஒவ்வொரு சொல்லாய்த் தேடி எடுத்து.
"அதை விடுங்கோ பிள்ளை."
இருபத்தைந்து இரவுக்கு எண்ணி வைத்தாள்.
பிறகு இன்னொரு இரவுக்கு,
தனக்கு, அதே அறையில்.

காலையில் சாவி தந்தபோது சொன்னேன்,
சுரண்டி எடுக்க ஆள் இருக்கு,
கொஞ்சமாவது வரும் எண்டு.
"வேண்டாம்" என்றாள்.
"அம்மா நிறையத் துடைச்சவ."

காசு வந்த பிறகும்
சிவப்பு மையை ஏனோ வெட்டவில்லை.

கட்டிலை இழுத்துக் கூட்டும்போது கண்டேன்:
தலையணை உயரத்தில்,
ஒரு விரல் நகம் கிள்ளின அளவு
நீலம்.

அன்று பின்னேரமே
கிளிநொச்சியிலிருந்து கலியாணத்துக்கு வந்த
ஐந்து பேருக்கு அந்த அறையைக் கொடுத்தேன்.
ஃபேன் சத்தம் போடுது எண்டு
இரவிரவாய்க் குறை.