கொழுப்பில் ஒலி மெதுவாகும்

தெகிவளைச் சந்தையில் இரண்டு கிலோ தொடைத்தசை.
"கொழுப்ப வெட்டிடவா, மிஸ்?"
வேண்டாம், அப்படியே இருக்கட்டும்.
கறிக்கில்லை என்று நான் சொல்லவில்லை.

ஆய்வறையில் வெந்நீர்த் தொட்டி.
தசை சூடேற, ஒலி ஓட்டம் பிடிக்கும்;
போன எதிரொலி ஒரு மயிரிழை முந்தித் திரும்பும்.
அந்த மயிரிழைதான் என் வெப்பமானி.
பாகை ஒன்றுக்கு ஆயிரத்தில் ஒரு பங்குகூடத் தேறாது,
அதைக் கூட்டிக் கூட்டித் திரையில் நிறமாக்குகிறேன்.
ஆனால் கொழுப்பு ஓடும் இடத்தில்
சூடு ஏற ஏற ஒலி சோம்பும்.
திரை அதைக் குளிர் என்று எழுதும்.
அங்கேயே குத்திவைத்த கம்பி
நாற்பத்தைந்து என்றது.
இரண்டையும் மாறிமாறிப் பார்த்து
ஆறிப்போன பிளேன்டீயைக் குடித்து முடித்தேன்.

செவ்வாய்க்கிழமை சஹாப்தீன் நானா வந்தார்,
காலிமுகத்திடலில் இறால் வடை போடுகிறவர்.
வலத் தொடையில் தேசிக்காய் அளவு கட்டி.

நாற்பத்திரண்டுக்குக் கீழே
கட்டிக்கு அது வெறும் வெயில்.
நாற்பத்தைந்துக்கு மேலே நல்ல சதையும் வேகும்.
நடுவில் இருக்கிற ஒழுங்கையில்
ஒரு மணி நேரம் அவரை நடத்திப் போக வேண்டும்.

கரையோர ரயில் ஒன்று பம்பலப்பிட்டிப் பக்கம் போனது.
கட்டில் அதிர்ந்தது, திரைக்குக் காய்ச்சல் வந்து
மெல்ல விட்டது. காத்திருந்தேன்.

"உள்ளுக்கு எவ்வளவு சூடெண்டு
எப்பிடி மகள் தெரியுது?"
"சத்தத்தால, நானா."
"அட, எண்ட தாச்சியும் அப்படித்தானே!
கண்ணால பாத்துக்கொண்டு நிண்டா கருகிரும்."
சொல்லிவிட்டுச் சிரித்தார்.
தொடை குலுங்கியது.
திரை முழுக்க ஐம்பது, அறுபது, செக்கச் சிவப்பு;
என் விரல் நிறுத்தும் பொத்தானுக்குப்
பாதி வழி போய்விட்டது.
கம்பி மட்டும் அசையாமல்
நாற்பத்திரண்டு தசம் ஆறில்.

குறிப்பேட்டில் எழுதினேன்:
பிற்பகல் 2.20. வெப்பம் அல்ல, சிரிப்பு.

அதை வடிகட்ட ஒரு வழி செய்யலாம்.
ஆனால் கட்டியின் ஓரத்தில்,
கொழுப்பு தொடங்கும் இடத்தில்,
கம்பி போகாத இடத்தில்,
ஒரு நீலக் கீற்று. நல்ல நீலம்,
மழை விட்ட பிறகு கடலில் வருகிற மாதிரி.

விரலால் மெல்லத் தொட்டுக் கேட்டேன்:
"இந்த இடத்தில எப்படி, நானா?"

"சொல்லத்தான் நினைச்சேன் மகள்.
அங்கதான் சுடுது."

அரைப் பாகை குறைத்தேன்.
திரை இன்னும் நீலமானது.