பத்து தெத்ரி

எங்கள் கட்டடத்து லிஃப்டுக்கு உண்டியல் வாய்.
மேலே போகப் பத்து தெத்ரி போட வேண்டும்,
கீழே வர இலவசம்.
திபிலிசியில், கில்தானியில்,
எட்டாவது மாடி என் வீடு.
இருபத்தெட்டு வருடம் ட்ராலிபஸ் ஓட்டியவள் நான்.
உட்கார்ந்தபடியே ஊரைச் சுற்றினேன்.
ஓய்வு பெற்ற பின்னும்
உட்காருவதில் என்னை யாரும் மிஞ்சவில்லை.

பிப்ரவரியில்
ஆறாம் மாடி ஜுஜுனா குளியல் தொட்டியில் இறங்கினாள்.
எழவில்லை.
செத்துப்போகவெல்லாம் இல்லை,
எழ முடியவில்லை, அவ்வளவுதான்.
தண்ணீர் ஆறிப்போக
அடைப்பானைக் கால்விரலால் பிடுங்கியிருக்கிறாள்.
துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு
விடியும்வரை சோப்புப் பெட்டியால்
குழாயைத் தட்டியிருக்கிறாள்.
எங்கள் கட்டடத்தில் குழாய்கள் எப்போதும் தட்டும்.
நான் கேட்டேன்.
புரண்டு படுத்தேன்.

காலையில் லமாரா போய்த் தூக்கினாள்,
அவளுக்கே எழுபத்தொன்று.
இரண்டு பேரும் வழுக்கிச் சிரித்தார்களாம்.
அப்புறம் சிரிக்கவில்லையாம்.

மருத்துவமனையில் ஒரு பொடியன் டாக்டர்
கைகளை மார்பில் கட்டிக்கொள்ளச் சொன்னான்.
நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழ வேண்டும்.
மூன்று முறை எழுந்தேன்.
நான்காவதில் வலது கை
எனக்குத் தெரியாமலே நழுவிப்போய்
நாற்காலியைப் பிடித்துக்கொண்டது.
"ஓட்டப் பந்தயத்துக்கா அனுப்பப்போகிறாய்?" என்றேன்.
எழுதுவதை நிறுத்தாமல் சொன்னான்:
"இன்று நாற்காலி.
அடுத்தது கழிப்பறை, பாட்டியம்மா."

அவன் தந்த தாளை மடித்து
ஆடும் மேசைக்காலுக்கு முட்டுக் கொடுத்தேன்.

என்னை நடக்க வைத்தது கஞ்சத்தனம்.
ஒருநாள் லிஃப்ட் கீழே வரத் தாமதம்.
பொறுமையில்லாமல் இரண்டு மாடி ஏறிவிட்டேன்.
அங்கே வந்து கதவைத் திறந்து
அதே பத்து தெத்ரி கேட்டது.
ஆறு மாடிக்கு எதற்கு எட்டு மாடிக் காசு?
கோபத்தில் இன்னும் ஒரு மாடி ஏறினேன்.
அங்கே நிற்க, நஷ்டம் இன்னும் கூடியிருந்தது.

அன்று வீடு சேர முக்கால் மணி நேரம்.
முழங்கால், பழைய வண்டியின் காற்று பிரேக் போல
ஒவ்வொரு படிக்கும் பெருமூச்சு விட்டது.
மறுநாள் படுக்கையைவிட்டு இறங்கவே முடியவில்லை.
அதற்கு மறுநாள் ஏறினேன்.

லமாரா சேர்ந்துகொண்டாள், ஜோர்ஜியக் கெட்டவார்த்தைகளை
படிக்கு ஒன்றாக எண்ணியபடி.
ஜுஜுனா ஏற மறுத்தாள்.
ஆறாம் மாடித் திருப்பத்தில் முக்காலி போட்டு
உட்கார்வாள், எழுவாள்,
உட்கார்வாள்,
யாராவது வந்தால் சாவியைத் தேடுவதாக நடிப்பாள்.

ஈஸ்டருக்கு முன்தினம்
பால்கனிக் கொடியில் துணி காயப்போட்டேன்.
கயிற்றை இழுக்க, கப்பி சுழன்றது.
தோள் தலைக்குமேல் போனது, பேசாமல்.
ட்ராலிபஸ் கொம்பு கம்பியிலிருந்து நழுவினால்
மழையில் இறங்கி, கயிற்றைப் பிடித்து
மறுபடி மாட்டுவேனே, அந்தத் தோள்.
உட்கார்ந்தே இருந்தேன் என்று
மேலே எழுதியது முழு உண்மை இல்லை.

ஜூனில் ஜுஜுனா சொன்னாள்:
"இன்று தொட்டியில் குளிக்கிறேன்.
வெளியே நில்லுங்கள். தாழ் போடவில்லை."
நின்றோம்.
தண்ணீர் விழும் சத்தம். நின்றது.
நெடுநேரம் ஒன்றுமில்லை.
லமாரா கதவில் கை வைத்தாள்,
நான் அந்தக் கையைப் பிடித்தேன்.
குழாய் தட்டியது,
கட்டடமா அவளா தெரியவில்லை.

பிறகு விளிம்பில் முழங்கை இடிக்கும் ஓசை,
ஒரு முனகல், ஒரு கெட்டவார்த்தை,
தரையில் ஈரப் பாதம்.
ஒன்று.
இன்னொன்று.
"உள்ளே வந்துவிடாதீர்கள்" என்று கத்தினாள்,
"துணியில்லாமல் நிற்கிறேன்!
நிற்கிறேன்!"

என் வீட்டுக்கு இன்னும் இரண்டு மாடி.
முழங்கால் கெஞ்சியது.
இரண்டு மாடிக்கு முழுப் பத்து தெத்ரி,
வயிற்றெரிச்சலோடு போட்டுவிட்டு
லிஃப்டில் போனேன்.