நாலு வட்டி

ஜனவரியில் அருங்காட்சியகம் பூட்டியிருக்கும்.
லேவார்டன் கால்வாய்கள்
உறைவதா வேண்டாமா என்று யோசித்தபடி கிடக்கும்.
அப்போதுதான் பொம்மை வீட்டைத் திறப்போம்,
ஃபென்னாவும் நானும்.

வாதுமை மர அலமாரிக்குள் ஒன்பது அறைகள்.
சமையலறைக் கூடையில் மிளகளவு முட்டைகள்.
பிரசவ அறையில் மெழுகுக் குழந்தை,
முந்நூறு வருடமாக அதற்கு மூன்றாம் நாள்.
கூடத்தில் தொங்கும் சரவிளக்கு,
ரசீதில் வெள்ளி, சோதனையில் தகரம்.
தட்டான் ஷூர்ட் ஏமாற்றிவிட்டான் என்று
நானே ஒரு கட்டுரை எழுதியிருக்கிறேன்,
அடிக்குறிப்புகளோடு.

கூடத்துக்கு அடுத்தது நூலகம்.
அதற்குள் நுழைய என் இரண்டு விரல்களுக்கு மட்டுமே இடம்.
எண்பத்து நான்கு புத்தகங்கள்,
நகத்தளவு, கன்றுத்தோல் அட்டை, முதுகில் பொன்வரி.
'அனைத்தும் வெற்றுத்தாள்' என்று
பழைய பட்டியலில் யாரோ கையெழுத்திட்டிருக்கிறார்.
நியாயம்தான்.
நாற்காலியில் இருக்கும் பொம்மைக் கனவானுக்கு
கண் வரைந்த நாளிலிருந்தே ஜன்னல் பக்கம்தான் பார்வை.

அணில்முடித் தூரிகை. இடுக்கி.
அட்டையைத் திற, பூச்சி இருக்கிறதா பார், மூடு.
ஒன்று, வெற்று. இரண்டு, வெற்று.
ஐம்பதில் ஃபென்னா காப்பி போடப் போனாள்.
ஐம்பத்தொன்று இடுக்கியிலிருந்து நழுவி
நடுவில் திறந்து விழுந்தது.

பூச்சி எச்சம் என்றுதான் நினைத்தேன்.
உருப்பெருக்கியின் கீழே அது எண்களாயிற்று.
காக்கை இறகு முனையால்தான்
இத்தனை பொடியாக எழுத முடியும்.

*1694 மார்ச். ஸ்வோல்லா விதவையின் பெயரில்
போடவெய்னுக்கு முந்நூறு கில்டர். வட்டி நாலு.
நோட்டரிக்கு, வாய் மூட, இரண்டு.*

போடவெய்ன் இந்த வீட்டுக்காரியின் கணவன்.
மிளகை நம்பிக் கப்பல் பங்கு வாங்கியவன்;
கப்பல் கடலை நம்பியது.
முகம் பார்த்திராத விதவையிடம் கடன் வாங்கினான்.
ஸ்வோல்லாவில் அப்படி ஒரு விதவை இல்லை.
மேசைக்கு எதிர்ப்பக்கம் நின்று
அவனுக்குச் சூப் ஊற்றிக்கொண்டிருந்தாள், வெண்டெலா.

முதல் ஏது? அடுத்த தாளில் இருந்தது.
*சரவிளக்குக்கு அவர் தந்தது அறுபது.
ஷூர்டிடம் தகரத்தில் செய்யச் சொன்னேன். எட்டு.
வெள்ளி என்று ரசீது எழுத, ஒன்று.*

ஷூர்ட், மன்னித்துவிடு.
நீ ஏமாற்றியது உண்மை,
ஆனால் ஆள் வேறு.

விருந்தினரை அவன் இந்த அலமாரி முன் அழைத்து வந்திருப்பான்,
மெழுகுவர்த்தியை உயர்த்திப் பிடித்து
"என் மனைவியின் விளையாட்டு" என்றிருப்பான்.
அவர்கள் முட்டைகளை வியந்திருப்பார்கள்.
வெளிச்சம் அந்த முதுகுகளின் மீது
ஒருமுறை ஓடிப் போயிருக்கும்.

மாதாமாதம் வட்டி வந்திருக்கிறது.
தவறிய மாதங்களில் ஒரு புள்ளி மட்டும்,
திட்டு இல்லை, அபராதம் இல்லை.
கோபித்தாளா, சிரித்தாளா, கணக்கு சொல்லாது.
கடைசி வரி:
*1701. அசல் தீர்ந்தது. விதவை இறந்தாள்.*

ஃபென்னா இரண்டு கோப்பைகளோடு வந்தாள்.
"ஏதாவது உண்டா?"
ஐம்பத்தொன்றை முதலிலிருந்து புரட்டினேன்.
முதல் ஆறு தாள்கள் சுத்த வெள்ளை.
ஏழாவதில்தான் அவள் தொடங்கியிருக்கிறாள்.

காப்பியைத் தள்ளி வை, என்றேன்.
முதல் ஐம்பதில்
நாம் ஒரு தாளுக்கு மேல் புரட்டவில்லை.